கம்பளி போத்தின வாழை

முன்ன ஒரு காலத்துல, மேகம் வந்து முட்டுற ஒரு மலை மேல ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த மலைக்குப் பேரு கம்பளிமலை. அங்க ஆளுக்கு ஆள் கம்பளிதான். அந்த ஊரு ராசா ஏழு கம்பளி போத்திக்கிட்டுத்தான் சிம்மாசனத்துல உக்காருவாராம், அவ்வளவு குளிரு. காலையில எந்திரிச்சு வாய் கொப்பளிக்கலாம்னு சொம்பைச் சாய்ச்சா தண்ணி வராது, உள்ள கெட்டியா கல்லாகிக் கெடக்கும். சிரிக்காதீங்க, நெசமாத்தான். போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டு கேளுங்க. யாராச்சும் ஒருத்தர் உம் கொட்டுங்க, இல்லன்னா நான் பாட்டுக்கு சுவத்துக்கிட்ட பேசிக்கிட்டிருப்பேன்.

அந்த மலைக்கு வாக்கப்பட்டு வந்தவ சிலம்பாயி. அவ பொறந்தது கீழ ஆத்தங்கரையில, எங்க திரும்பினாலும் வாழைத்தோப்புதான். மலையில கம்பளி நெய்யிற சடையன், கம்பளி விக்க அந்த ஊருக்கு இறங்கி வந்தான், வந்து இவளைப் பாத்தான், இவளும் பாத்தா, அப்புறம் என்ன, கலியாணம். கலியாணத்துக்கு சடையன் தன் கையால நெய்த கம்பளி ஒண்ணு குடுத்தான், நாலு விரக்கடை அகலத்துக்கு செவப்புக் கரை போட்டது. அவ அம்மா கொல்லையில இருந்து ஒரு வாழைக்கன்னு தோண்டிக் குடுத்தா.

வாழைக்கன்னு எதுக்குன்னா, அந்த ஆத்தங்கரையில ஒரு வழக்கம். பொண்ணு அந்தக் கன்னைக் கொண்டுபோய் புருசன் வீட்டுல நடணும், அது குலை தள்ளணும், மொத சீப்பு தாய்வீட்டுக்கு வரணும். அது வர்ற வரைக்கும் தாய்க்காரி பொண்ணு வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது, பொண்ணும் வெறுங்கையோட தாய்வீட்டுப் படி ஏறக் கூடாது. கீழ இருக்கிறவங்களுக்கு இது ஒரு பெரிய காரியமா? கன்னு நட்டா வருசம் திரும்பறதுக்குள்ள குலை வந்துரும், அம்மாவும் வந்துருவா. ஆனா சொம்புத் தண்ணி கல்லாகிற மலையில வாழை வருமான்னு அந்தக் கலியாண சந்தடியில ஒருத்தருக்கும் தோணல. பந்தல்ல அத்தனை பெரிய மனுசங்க இருந்தாங்களே, ஒருத்தராச்சும் கேட்டாங்களா? தின்னாங்க, வெத்தலை போட்டாங்க, போயிட்டாங்க.

மலைக்கும் ஒரு வழக்கம் இருந்துச்சு. பனி கருக்கின செடியை அன்னைக்கே வேரோட பிடுங்கி எரிச்சுரணும். அது பனியாத்தா தொட்டுட்டுப் போனதாம். எரிக்காம வச்சிருந்தா, தான் தொட்டதைத் தேடிக்கிட்டு அவ மறுபடி வந்து ஊரு வெள்ளாமையையே கருக்கிருவாளாம். மீறி எவனாச்சும் வச்சிருந்தா அவன் கம்பளியை உருவிக்கிட்டு மலையை விட்டே இறக்கிருவாங்க. இதைப் பாக்கிறதுக்குன்னே ஒரு மணியக்காரன், பேரு தாண்டவன். பனிக்காலம் வந்துட்டா கோலை ஊனிக்கிட்டு வீடு வீடா வருவான், ஒரு அவரைக்கொடி கருகியிருந்தாக்கூட விடமாட்டான். பிடுங்கிறப்ப அவன் மூஞ்சியில ஒரு சந்தோசம் வரும் பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்காது.

சிலம்பாயி மொதக் கன்னை சரிவுல நல்ல எடமாப் பாத்து நட்டா. வெயில் காலத்துல அது நாலு இலை விட்டுச்சு, அஞ்சு இலை விட்டுச்சு, ஊரே வந்து வேடிக்கை பாத்துச்சு. அப்புறம் பனி வந்துச்சு. காலையில பாத்தா இலை எல்லாம் வெந்த கீரையாட்டம் தொங்குது, மத்தியானத்துக்குள்ள கறுத்துப் போச்சு. தாண்டவன் வந்தான், கோலை ஓரமாச் சாத்தினான், வேரோட பிடுங்கினான், எரிச்சான். அவ கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னா.

பனி விட்டதும் அவ அண்ணன்காரன் மலை ஏறி வந்தான். வந்தவன், "சிலம்பாயி, குலை வெட்டியாச்சான்னு அம்மா கேக்கச் சொன்னா. வாசல்ல நின்னு மலையையே பாத்துக்கிட்டிருக்கா"ன்னான். இல்லண்ணே, இன்னும் இல்லன்னா இவ. அவன் முதுகு மூட்டையில இருந்து இன்னொரு கன்னை எடுத்துக் குடுத்துட்டு இறங்கிப் போயிட்டான்.

ரெண்டாவது கன்னை அவ வெளிய நடவே இல்ல. வீட்டுக்குள்ள, அடுப்புக்குப் பக்கத்துல மண்ணைக் கொட்டி நட்டா. அடுப்பு சூட்டுல பனி வராதுதான், ஆனா வெயிலும் வராதே. அது வெளுத்துப் போயி, ஒல்லியா, கூரையைத் தேடிக்கிட்டே வளந்துச்சு. வளந்து கூரையை முட்டுச்சு, முட்டி வளைஞ்சுச்சு, ஒருநாள் பொத்துனு சோத்துப்பானை மேலயே சாஞ்சிருச்சு. மறுபடி அண்ணன் வந்தான். "சிலம்பாயி, குலை வெட்டியாச்சான்னு அம்மா கேக்கச் சொன்னா. இப்பல்லாம் நிக்க முடியல, வாசப்படியில உக்காந்துக்கிட்டு மலையைப் பாக்குறா." இன்னும் இல்லண்ணே. இன்னொரு கன்னைக் குடுத்துட்டுப் போனான்.

நின்னுக்கிட்டிருந்தவ உக்காந்துட்டாளேன்னு கேட்டதுல இருந்து சிலம்பாயிக்கு இருப்புக் கொள்ளல. உள்ள போவா, வெளிய வருவா, வீட்டைச் சுத்தி ஒரு நடை நடப்பா. சோத்தைப் போட்டுக்கிட்டு உக்காருவா, ரெண்டு வாய் திம்பா, எந்திரிச்சிருவா. மறுபடி உள்ள போவா, வெளிய வருவா, சுத்தி ஒரு நடை நடப்பா. சடையன் தறியில இருந்தபடியே, உன்னைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது, ஒரு எடத்துல உக்காரேன்னுவான். அவ எங்க உக்காந்தா?

ஆனா நடக்கிற காலுக்கு ஒரு புண்ணியம் உண்டாச்சு. அப்படிச் சுத்திச் சுத்தி நடந்ததுல அவ மூணு விசயத்தைக் கண்டுக்கிட்டா. வீட்டுக்குப் பின்னாடி ஒரு கருங்கல் சுவரு, பொழுது சாஞ்ச பொறவும் ஆடுக அந்தச் சுவத்தை ஒட்டியே படுத்திருக்கும். ஏன்னு தொட்டுப் பாத்தா, கல்லு பகல் வெயிலைக் குடிச்சுக் குடிச்சு வெதுவெதுன்னு இருக்கு. எருக்குழியில காலையில ஆவி பறக்குது, கையை விட்டா சுடுது. காஞ்ச புல்லுப் போருக்குள்ள கையை விட்டா, வெளிய உறைபனி, உள்ள குளிரே இல்ல.

விட்டாளா? சுவத்தோரமா இடுப்பளவு குழி எடுத்தா, அடியில ஆட்டு எருவைக் கொட்டி மிதிச்சா, மேல மண்ணைப் போட்டு மூணாவது கன்னை நட்டா, சுத்திலும் கருங்கல்லா அடுக்கினா. கன்னு ஜம்முனு வந்துச்சு. வந்து என்ன செய்ய, பனியும் வந்துச்சு. காலையில ஓடிப்போயி பாக்குறா, இலை எல்லாம் தொங்கிக் கெடக்கு. மத்தியானத்துக்குள்ள கறுத்துரும், தாண்டவன் வந்துருவான்.

அவ மலைக்காரி இல்லையே, வாழைக்குள்ள பொறந்தவ. புயல்ல முறிஞ்ச வாழை மூணாம் நாள் நடுவுல குருத்து விடுறதைப் பாத்து வளந்தவ. தண்டை அழுத்திப் பாத்தா, கல்லுமாதிரி திடமா இருக்கு. அரிவாளால இலையை எல்லாம் அறுத்தா, அறுத்த எடத்துல முத்து முத்தா தண்ணி துளிக்குது. கறுத்தது இலைதான், உள்ள உசுரு இருக்கு.

அறுத்த இலையை அடுப்புல போட்டு எரிச்சா. தன் கலியாணக் கம்பளியைக் கொண்டாந்து தண்டைச் சுத்திப் போத்தினா, அதுக்கு மேல காஞ்ச புல்லைக் கட்டுக் கட்டா வச்சுக் கட்டினா, மழை இறங்காம உச்சியில ஒரு பழைய பானையைக் கவுத்தா. தூரத்துல இருந்து பாத்தா ஒரு புல்லுப் போரு, அவ்வளவுதான். தாண்டவன் வந்தான், கோலால ஒரு தட்டு தட்டினான், இது என்னன்னான். ஆட்டுக்குத் தீனின்னா. அவன் போயிட்டான்.

சடையன்கிட்ட மட்டும் மறைக்க முடியுமா? உன் கம்பளி எங்கன்னு கேட்டான். அவ கூட்டிட்டுப் போயி காட்டினா. அவன் மலையில பொறந்தவனாச்சே, பயந்துட்டான். தெரிஞ்சா உன்னை இறக்கி விட்டுருவாங்க புள்ள, நான் என்ன பண்ணுவேன்னான். அப்புறம் அவளைப் பாத்தான், என்ன நெனச்சானோ, உச்சிப் பானையை நேராக் கவுத்து வச்சுட்டு உள்ள போயிட்டான். அந்தப் பனிக்காலம் முழுக்க ரெண்டு பேருக்கும் ஒரே கம்பளி. அவன் இழுத்தா இவளுக்கு இல்ல, இவ இழுத்தா அவனுக்கு இல்ல. அவன் தும்முன தும்முல ஆடே மிரண்டுச்சாம்.

பனி விட்டதும் கட்டை அவுத்தா, நடுவுல வெள்ளைவெளேர்னு குருத்து எட்டிப் பாக்குது. வெயில் காலம் பூரா மரம் வளந்துச்சு. அந்த வருசம் கீழ ஆத்துல வெள்ளம், அண்ணன் வரல, ஒரு சேதியும் வரல. உக்காந்தவ இப்ப எப்படி இருக்காளோன்னு சிலம்பாயி உள்ள போவா, வெளிய வருவா, சுவத்தோரம் போயி மரத்தைத் தொட்டுப் பாப்பா. மறுபடி பனி வந்துச்சு, இலை கறுத்துச்சு, அறுத்தா, போத்தினா, பானையைக் கவுத்தா. மறுபடி பனி விட்டுச்சு, அவுத்தா. அதுக்கடுத்த வெயில்லதான் மரம் பூ தள்ளுச்சு. சின்னக் குலைதான், மூணே மூணு சீப்பு. அவ அதைப் பாத்துட்டு சுவத்துல சாஞ்சு அழுதா. இருக்காதா பின்ன?

என்ன, தூங்கிட்டீங்களா? இனிமேத்தான் மணியக்காரன் வேலையைக் காட்டப் போறான்.

அந்த ராசா இருக்காரே, அவரு சின்னப் பிள்ளையில கீழ போனப்ப ஒரே ஒரு வாழைப்பழம் தின்னிருக்காரு. இப்ப பல்லெல்லாம் விழுந்த பொறவு அந்த நெனப்பு வந்துருச்சு. நம்ம மலை மண்ணுல வெளைஞ்ச வாழைக்குலை யாரு காட்டினாலும் கேட்டதைக் குடுப்பேன்னு தண்டோரா போட்டுட்டாரு. அந்த நேரம் பாத்து தாண்டவன் சிலம்பாயி வீட்டுச் சுவத்துக்கு மேல ஒரு வாழை இலை ஆடுறதைக் கண்டான். எட்டிப் பாத்தான், குலை தொங்குது. அன்னையில இருந்து தினமும் எட்டிப் பாத்தான். கல்லு அடுக்கினதைப் பாத்தான், எருப் போடுறதைப் பாத்தான், எல்லாத்தையும் மனசுல வாங்கிக்கிட்டான்.

ஒருநாள் ஆடு மேய்க்கிறவன் ஒருத்தன் வந்து, உங்க அண்ணன் ஏறி வர்றான், பாதி மலையில கால் பிசகி உக்காந்திருக்கான்னான். சடையன் கம்பளி விக்கப் போயிருக்கான். சிலம்பாயிக்கு நின்ன எடத்துல நிக்க முடியல, போட்டது போட்டபடி இறங்கி ஓடினா. அண்ணன் ஒரு பாறையில உக்காந்திருந்தான். "குலை வெட்டியாச்சா சிலம்பாயி? அம்மா படுத்துட்டா. கட்டிலை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லி, படுத்துக்கிட்டே மலையைப் பாக்குறா. இதுக்கு மேல என்னைக் கேக்க அனுப்ப மாட்டா"ன்னான்.

முத்திருச்சுண்ணே, உன் கையால வெட்டு, இன்னைக்கே இறங்கிருவோம்னு அவனைத் தாங்கலா கூட்டிக்கிட்டு வந்தா. வந்து பாத்தா சுவத்தோரம் குழிதான் இருக்கு. மரமும் இல்ல, குலையும் இல்ல, கன்னும் இல்ல. தாண்டவன் நாலு ஆளை வச்சு வேர்மண்ணோட பேத்துக்கிட்டுப் போயி தன் வீட்டு மதிலுக்குள்ள நட்டு, ராசாவுக்கு ஆளும் அனுப்பிட்டான்.

அவ ஓடினா. அண்ணன் நொண்டிக்கிட்டே பின்னாடி ஓடினான். வழியில சடையனும் சேந்துக்கிட்டான். அங்க ராசா ஏழு கம்பளியோட வந்து குலைக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டிருக்காரு, ஊரே கூடியிருக்கு. ராசா, அது என் மரம்னு இவ சொன்னா. யாராச்சும் பாத்தவங்க உண்டான்னு ராசா கேட்டாரு. யாரு பாத்தா? ஒருத்தர் கண்ணுலயும் படாமத்தானே வளத்தா. சடையன் முன்னால வந்தான், புருசன் சாட்சி பொண்டாட்டிக்குச் செல்லாதுன்னுட்டாங்க. சரி, எப்படி வளத்தீங்க சொல்லுங்கன்னு ராசா கேட்டதும் தாண்டவன் முந்திக்கிட்டு கடகடன்னு சொல்றான், குழி எடுத்தேன், எருப் போட்டேன், கருங்கல்லு அடுக்கினேன், வெதுவெதுப்பா வச்சேன்னு. அத்தனையும் சரியா இருக்கு.

அப்பத்தான் அவளுக்கு ஒண்ணு உறைச்சுச்சு. இவன் எட்டிப் பாத்தது வெயில் காலத்துல மட்டுந்தான். பனிக்காலத்துல இவன் பாத்தது புல்லுப் போரு.

"மணியக்காரரே, பனிக்காலத்துல இந்த மரம் எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா.

தாண்டவன் சிரிச்சான். "என் மரத்தைப் பனி தொடவே இல்ல. ஒரு இலை கருகியிருந்தாக்கூட நானே பிடுங்கி எரிச்சிருப்பேனே. ஊருக்கே தெரியாதா?"ன்னான். ஊரும் ஆமா ஆமான்னு தலையாட்டுச்சு.

சிலம்பாயி கணக்குப் பாத்தா. இப்ப சொன்னா மலை போச்சு, சடையன் போனான், குடியிருந்த வீடு போச்சு. சொல்லலைன்னா அம்மா போயிருவா. உள்ள போக வெளிய வர அங்க எடமில்ல, இருந்த எடத்துலயே காலை மாத்தி மாத்தி வச்சா. அப்புறம் சொல்லிட்டா.

"ராசா, இது ரெண்டு பனிக்காலம் கருகி நின்ன மரம். கருகினதை எரிக்காம ஒளிச்சு வச்சவ நான்தான். நம்பலைன்னா அடிமட்டையை உரிச்சுப் பாருங்க."

ராசா குனிஞ்சு தன் கையாலயே காஞ்ச மட்டையை ஒண்ணொண்ணா உரிச்சாரு. உள்ள அரிவாள் பட்ட இலைக்காம்பு, கரிக்கட்டையாட்டம் கறுத்தது, ஒரு வரிசை. அதையும் உரிச்சா அடியில இன்னொரு வரிசை. ரெண்டு வரிசைக்கும் நடுவுல மட்டை இடுக்குல செவப்புக் கம்பளி நூலு சிக்கியிருக்கு. சடையன் அவகிட்ட வந்தான். அவ தோளுல கெடந்த கம்பளியை எடுத்து விரிச்சுக் காட்டினான். செவப்புக் கரை மட்டும் எலி கடிச்சாப்பல அங்கங்க பிஞ்சு கெடந்துச்சு.

தாண்டவனுக்கு இப்ப எந்தப் பக்கம் பேசுறதுன்னு தெரியல. கருகவே இல்லன்னு சொன்ன மரம் கருகியிருக்கு. இல்ல, நான்தான் கருகினதை வச்சிருந்தேன்னு மாத்திச் சொன்னா, இத்தனை வருசமா அவன் எத்தனை பேரு கம்பளியை உருவி இறக்கி விட்டிருக்கான், அவங்க வழியிலயே இவனும் போகணும்.

ராசா ஊரைப் பாத்துக் கேட்டாரு, இவ கருகினதை வச்சிருந்த ரெண்டு வருசமும் பனியாத்தா தேடிக்கிட்டு வந்தாளா, யாரு வெள்ளாமையாச்சும் கூடுதலாக் கருகுச்சான்னு. கூட்டத்துல ஒரு கெழவி, அந்த ரெண்டு வருசமும் என் அவரை நல்லாத்தான் காய்ச்சுச்சு ராசான்னா. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. இத்தனை வருசமா எத்தனை செடியை உசுரோட எரிச்சிருக்கோம்னு அப்பத்தான் அவங்களுக்கு உறைச்சிருக்கும்.

"வழக்கம் வழக்கந்தான். சிலம்பாயி மலையை விட்டு இறங்கணும். இன்னைக்கே இறங்கணும்"னாரு ராசா. சடையன் அப்படியே உக்காந்துட்டான். ராசா அவனைப் பாத்துட்டு, "இறங்கினவ திரும்பி ஏறக் கூடாதுன்னு வழக்கத்துல எங்கயும் இல்ல. நான் தேடிப் பாத்துட்டேன்"னாரு. எங்க தேடினாரு, அங்க நின்ன எடத்துலயே தேடினாரு. ராசான்னா அப்படித்தான் இருக்கணும்.

கேட்டதைக் குடுப்பேன்னேனே, என்ன வேணும்னு கேட்டாரு. எனக்கு ஒரு டோலியும் தூக்க ஆளும் வேணும்னா சிலம்பாயி. மரத்தைப் பேத்த அந்த நாலு ஆளையே டோலி தூக்கச் சொன்னாரு. வழக்கப்படி உருவ வேண்டிய கம்பளியை தாண்டவன் மேல இருந்து உருவினாங்க, டோலிக்கு மெத்தை வேணுமில்ல, அதுக்கு விரிச்சாங்க. முன்கம்பைப் பிடிக்க அவனையே விட்டாங்க. அவன் நடுங்குன நடுக்கத்துல கம்பு கடகடன்னு ஆடுச்சாம்.

அண்ணன் தன் கையால குலையை வெட்டினான். நடுச்சீப்பு ராசாவுக்கு, பழுக்க வச்சுத் தின்னுக்கங்கன்னாங்க. கடைசிச் சீப்பு ஊருக்கு. மொத சீப்பை சிலம்பாயி மடியில கட்டிக்கிட்டு இறங்கினா. உடம்பு சூட்டுல அது கீழ போறதுக்குள்ள பழுக்க ஆரம்பிச்சிருச்சு.

வாசலைப் பாக்கத் திருப்பிப் போட்ட கட்டில்ல அம்மா படுத்திருந்தா. மக வர்றதைப் பாத்தா, மடியைப் பாத்தா. ஒரு பழத்தை உரிச்சு வாயில வச்சதும் மென்னா, மென்னு முழுங்கினா. "புளிக்குதுடி"ன்னா. மலைக் குளிர்ல வெளைஞ்சது, புளிக்காம என்ன செய்யும்? சிலம்பாயி அழறதா சிரிக்கிறதான்னு தெரியாம நின்னா. அம்மா இன்னொண்ணைக் குடுன்னு கையை நீட்டினா. நாலாம் நாள் எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, எங்க அந்த டோலின்னு கேட்டா.

டோலியில ஏறி வந்து மலை மேல மக வீட்டு வாசப்படியை மிதிச்சா, பச்சத்தண்ணி வாங்கிக் குடிச்சா. தாய்மரத்தடிக் கன்னை சடையன் தாண்டவன் வீட்டுல இருந்து கொண்டாந்து சுவத்தோரம் திருப்பி நட்டிருந்தான், அதோட இலையை அறுத்து அதுல சோறு போட்டாங்க. அம்மா முழுச்சோத்தையும் தின்னா, மோரு கேட்டா. அன்னைக்குத்தான் சிலம்பாயி அம்மா எதுக்க உக்காந்தா. உள்ள போகல, வெளிய வரல, சுவத்தோரம் போயி எதையும் தொட்டுப் பாக்கல. சடையன் தறியை நிறுத்திட்டு எட்டிப் பாத்துட்டு, ஐயோ உக்காந்துட்டாளேன்னு சொல்லிட்டு மறுபடி நெய்யப் போனானாம்.

தாண்டவன் என்ன ஆனான்னு கேக்குறீங்களா? அவனுக்கு வேலை போகல. இன்னைக்கும் பனிக்காலம் வந்தா வீடு வீடாத்தான் போறான். கோலுக்குப் பதிலா தோளுல புல்லுக்கட்டு. கருகின செடியை எல்லாம் சுத்திக் கட்டணும், பானை கவுக்கணும், பனி விட்டதும் ஒவ்வொண்ணா அவுத்துப் பாத்து எது பொழைச்சுச்சுன்னு ராசாவுக்குச் சொல்லணும். அதுவரைக்கும் அவனுக்குக் கம்பளி கெடையாது.

அவ்வளவுதான். கறுத்துப் போச்சேன்னு எதையும் உடனே பிடுங்கிராதீங்க, ஒரு பனிக்காலம் போத்தி வச்சுப் பாருங்க. குலையும் பழுத்தாச்சு, கதையும் பழுத்தாச்சு. பழம் உங்களுக்கு, தோலு ஆட்டுக்கு, கம்பளியை எனக்கும் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்து விடுங்க.